ஏர் டிராக்டர் ஏடி-502பி: தரையிறங்கும்போது தெரியும் குணம்

வயலுக்கு மேல் தாழப் பறந்து மருந்து தெளிக்கும் விமானங்களை மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஏக்கர் கணக்கிலிருந்தே தொடங்குகிறார்கள். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நிலத்தை முடிக்கிறது, தொட்டி எவ்வளவு கொள்கிறது, எரிபொருள் எவ்வளவு செலவாகிறது என்பவைதாம் விற்பனைக் கையேடுகளின் முதல் பக்கத்தில் இருக்கும். வாங்குகிறவருக்கு அந்தக் கணக்கு தேவைதான். ஆயினும் அமெரிக்காவில் இந்தத் தொழிலின் விபத்துப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தால், மின்கம்பியில் மோதுவது போன்ற கொடிய விபத்துகளுக்கு அருகிலேயே, வேலையை ஒழுங்காக முடித்துத் திரும்பி வந்து ஓடுதளத்தில் சக்கரம் பட்ட பிறகு தடம் விலகிப் புரண்ட விமானங்களின் பட்டியலும் நீண்டு கிடப்பதைக் காணலாம். எனவே இந்த மதிப்பீட்டில் ஏக்கர் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு இரண்டு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இந்த விமானம் தரையிறங்கும்போது எப்படி நடந்துகொள்கிறது? தரையிறக்கம் தவறிப்போனால் உள்ளே இருப்பவரை எந்த நிலையில் வெளியே விடுகிறது?

டெக்சஸ் மாநிலத்தின் ஓல்னி என்ற சிற்றூரில் ஏர் டிராக்டர் நிறுவனம் உருவாக்கும் ஏடி-502 வரிசையைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம், இன்றைய வேளாண் விமானங்களில் மிகப் பரவலாகப் பயன்படுவனவற்றுள் இதுவும் ஒன்று என்பதே. 502பி மாதிரியின் தொட்டி 500 அமெரிக்க கேலன், அதாவது ஏறத்தாழ 1,890 லிட்டர் கொள்ளும். பிராட் அண்ட் விட்னி கனடா நிறுவனத்தின் பிடி6ஏ வகை டர்பைன் எஞ்சின் 750 குதிரைத்திறன் தருகிறது. இறக்கைகளின் முழு நீளம் 15.8 மீட்டர். தெளிப்புக் கருவிகளுடன் காலியாக நிற்கும்போது இதன் எடை ஏறத்தாழ 2,060 கிலோ, அதிகபட்சமாக 4,260 கிலோ வரை சுமந்து கிளம்பலாம். தன் எடையைவிட அதிகமான சுமையை ஏற்றிக்கொண்டு பறந்து, சில நிமிடங்களில் அதையெல்லாம் இறைத்துவிட்டு இலேசாகத் திரும்பும் விமானம் இது. காலையில் கிளம்பியபோது கையில் உணர்ந்த விமானமும் கால் மணி நேரத்தில் தரை தொடுகிற விமானமும் நடத்தையில் ஒன்றல்ல என்பதை விமானி ஒவ்வொரு சுற்றிலும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தொட்டியை விமானத்தின் ஈர்ப்பு மையத்துக்கு அருகிலேயே வைத்திருப்பதால், சுமை தீர்ந்ததும் மூக்கோ வாலோ திடீரென்று கனப்பதில்லை. அந்த அளவில் வடிவமைப்பு நேர்த்தியானது.

பயணிகள் விமானத்தின் விமானி ஒரு நாளில் சில தடவைகளே தரையிறக்குகிறார். இந்தத் தொழிலில் பருவம் உச்சத்தில் இருக்கும் நாளில் ஒரே விமானி டஜன் கணக்கில் இறங்கி ஏறுவார். எஞ்சினை நிறுத்தாமலேயே மருந்தை நிரப்பிக்கொண்டு மறுபடி கிளம்புவதும் வழக்கம். அவர் இறங்கும் இடம் பெரும்பாலும் அகலம் குறைந்த புல்தரையோ சரளை மண்ணோ மட்டுமே போட்ட தனியார் ஓடுதளம். நேரத்தை மிச்சப்படுத்த, மருந்து நிரப்பும் மேடை இருக்கும் முனையை நோக்கியே இறங்கி, அதே இடத்திலிருந்து எதிர்த்திசையில் கிளம்புவார்கள். அதனால் பின்காற்றோடு இறங்க வேண்டிய நிலையும் வரும். விற்பனைக் கையேட்டில் இவற்றில் எதுவும் இருக்காது. ஆனால் விமானத்தின் தரைக்குணத்தைச் சோதிப்பவை இவைதாம்.

502பி வால் சக்கர விமானம். முன்னே இரண்டு பெரிய சக்கரங்கள், வாலடியில் ஒரு சிறிய சக்கரம். இந்த அமைப்பைத் தேர்ந்ததற்கு நியாயமான காரணங்கள் உண்டு. மேடுபள்ளமான தரையில் முதலில் முறிவது மூக்குச் சக்கரத்தின் கால்தான், அது இங்கே இல்லை. புரொப்பல்லரும் தரையிலிருந்து நன்றாக உயர்ந்து நிற்கும். முன்கால்கள் வளைந்து கொடுக்கும் எஃகுப் பட்டைகளால் ஆனவை, டயர்கள் அகலமானவை. மழை பெய்த புல்தரையிலும் விமானம் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்.

அதற்கு ஒரு விலை உண்டு. வால் சக்கர விமானத்தில் ஈர்ப்பு மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. விமானம் நேராக ஓடும்வரை சிக்கல் இல்லை. பக்கக் காற்றினாலோ, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஈரமண்ணில் அழுந்துவதாலோ, வாலில் திசை திருப்பும் சுக்கானின் மிதியை ஒரு நொடி தாமதமாக மிதித்ததாலோ மூக்கு சற்றே திரும்பிவிட்டால், பின்னால் இருக்கும் எடை நேராகவே போக முயன்று அந்தத் திருப்பத்தை இன்னும் பெரிதாக்குகிறது. மூக்குச் சக்கர விமானத்தில் இதே எடை முன்னால் இருப்பதால் திருப்பம் தானாகவே அடங்கும். இங்கே அடங்காது, வளரும். அடக்க வேண்டியவர் விமானிதான், அதுவும் முதல் ஒன்றிரண்டு நொடிகளுக்குள். தவறவிட்டால் விமானம் தன் இறக்கை நுனியைச் சுற்றிச் சுழன்றுவிடும். விமானிகள் இதைக் கிரவுண்ட் லூப் என்பார்கள்.

சக்கரம் தரையைத் தொட்ட கணத்தைவிட அதற்குப் பிந்தைய சில நொடிகளே இங்கே ஆபத்தானவை. தரை தொடும்போது வேகம் இருப்பதால் சுக்கானின் மேல் காற்று நன்றாக ஓடும், அது சொன்னபடி கேட்கும். வேகம் குறையக் குறையச் சுக்கான் வலுவிழக்கும். அந்த இடைவெளியில் விமானத்தை நேராக வைத்திருப்பவை வால் சக்கரமும் பிரேக்குகளும் மட்டுமே. வால் சக்கரத்தை நேராகப் பூட்டி வைக்கும் அமைப்பு இதற்காகவே இருக்கிறது. அந்தப் பூட்டு தேய்ந்திருந்தாலோ, ஓட்டம் முடிவதற்கு முன்பே விடுபட்டாலோ, விமானத்தைப் பிடித்து நிறுத்த எதுவும் மிஞ்சாது. பெரிய எஞ்சினைத் தாண்டிப் பார்க்க முடியாதபடி நீண்ட மூக்கும், அதற்குப் பின்னால் தொட்டியும், அதற்கும் பின்னால் இருக்கையுமாக அமைந்திருப்பதால், வால் தரையில் படிந்த நிலையில் ஓடுதளத்தின் நடுக்கோடு விமானிக்குச் சரியாகத் தெரியாது. இரு பக்க ஓரங்களையும் கடைக்கண்ணால் அளந்துகொண்டே ஓட்ட வேண்டும். பூச்சிகளும் மருந்துத் துளிகளும் படிந்து மங்கிய கண்ணாடியில் விடியற்காலைச் சூரியன் நேரே அடித்தால் அதுவும் கடினமாகிவிடும். கண்ணாடியைக் கழுவும் வசதியை ஏர் டிராக்டர் வைத்திருப்பது வெறும் சொகுசுக்காக என்று நான் நினைக்கவில்லை.

டர்பைன் எஞ்சினின் மிகப் பெரிய கவர்ச்சி, அதன் புரொப்பல்லர் அலகுகளைத் திருப்பி எதிர்விசை உண்டாக்க முடிவது. சிறிய ஓடுதளத்தில் சீக்கிரம் நிற்கலாம், பிரேக் தேயாது. விற்பனையாளர்கள் இதைப் பெருமையாகச் சொல்வதில் தவறில்லை. ஆனால் எதிர்விசை வலுவாக இருக்கும்போது, வழக்கமாக வாலை நோக்கி ஓடும் காற்று சிதைந்துபோகிறது. ஏற்கெனவே வலுவிழந்துகொண்டிருக்கும் சுக்கான் அந்த நேரத்தில் இன்னும் வலுவிழக்கிறது. வேகமாக நிற்க வேண்டும் என்ற ஆசையே விமானத்தைத் திசை தடுமாற வைக்கக் கூடியது என்பதைப் புதிய உரிமையாளர்களுக்கு யாராவது முதல் நாளே அழுத்தமாகச் சொல்லிவிட வேண்டும். பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் பல பருவங்கள் பறந்த அனுபவசாலிக்கும் இது பொருந்தும். பழைய பழக்கத்தில் அவருடைய கை அறியாத ஒன்று, எதிர்விசையை ஆளும் இந்த நெம்புகோலில் இருக்கிறது.

கிரவுண்ட் லூப்பில் முடிந்த தரையிறக்கத்தின் சேதம் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நடக்கிறது. சுழற்சியின் வெளிப்பக்கத்துக் கால் பக்கவாட்டுச் சுமையைத் தாங்க முடியாமல் மடங்கும். அந்தப் பக்க இறக்கை நுனி தரையில் உரசும். இறக்கைக்குக் கீழே தொங்கும் தெளிப்புக் குழாய்கள் நசுங்கும். புரொப்பல்லர் மண்ணைக் கொத்தும். பிடி6ஏ எஞ்சினில் புரொப்பல்லரைச் சுழற்றும் டர்பைனும் காற்றை அழுத்தும் பகுதியும் இயந்திர அச்சால் பிணைக்கப்படாமல் தனித்தனியே சுழல்வதால், அடி முழுவதும் எஞ்சினின் மையத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. இருந்தாலும் எஞ்சினின் சுழற்சியைக் குறைத்துப் புரொப்பல்லருக்குக் கொடுக்கும் வேகக் குறைப்புப் பெட்டியைப் பிரித்துச் சோதிப்பதைத் தவிர்க்க முடியாது. விமானி பெரும்பாலும் காயமின்றி இறங்கி, தலையில் கைவைத்தபடி சேதத்தைச் சுற்றிப் பார்ப்பார். பருவத்தின் நடுவில் இது நேர்ந்தால் பழுதுபார்க்கும் செலவைவிட, பறக்காமல் நிற்கும் நாட்களின் இழப்பே அவருக்கு அதிகமாக வலிக்கும்.

இதைவிடக் கொடியது குப்புறக் கவிழ்வது. சக்கரம் சேற்றில் புதைந்தாலோ, பிரேக்கை அளவுக்கு மிஞ்சி மிதித்தாலோ, ஓடுதளம் தீர்ந்து வாய்க்காலில் இறங்கினாலோ வால் மேலே எழும்பி விமானம் முதுகின் மேல் விழும். இந்த இடத்தில்தான் ஏர் டிராக்டரைப் பற்றி எனக்கு மரியாதை பிறக்கிறது. அதற்குப் பின்னணியாக ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

1921 ஆகஸ்டில் ஓஹாயோ மாநிலத்தின் டிராய் அருகே, ஜான் மக்ரெடி என்ற இராணுவ விமானி கர்டிஸ் ஜென்னி விமானத்திலிருந்து கம்பளிப்புழுக்கள் அரித்த மரங்களின் மேல் நச்சுப்பொடியைத் தூவியதே வானிலிருந்து மருந்திடும் தொழிலின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அதற்குப் பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், பெரும்பாலும் பயிற்சிக்கோ போருக்கோ கட்டப்பட்ட பழைய விமானங்களில் தொட்டியைப் பொருத்தித்தான் இந்த வேலை நடந்தது. விபத்து நேர்ந்தால் விமானிக்கு என்ன ஆகும் என்று யோசித்து யாரும் அவற்றை வடிவமைக்கவில்லை. 1950 டிசம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரியில் ஃப்ரெட் வீக் உருவாக்கிய ஏஜி-1 விமானம்தான் அந்தக் கேள்வியை முதன்மையாக எடுத்துக்கொண்டது. முதல் உலகப் போரின்போது பயிற்சியில் நேர்ந்த விமான விபத்தில் தப்பிப் பிழைத்த ஹியூ டிஹேவன், பின்னர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் விபத்துக் காயங்களை ஆராயத் தொடங்கியிருந்தார். மனித உடல் நினைத்ததைவிடப் பெரிய அதிர்ச்சியைத் தாங்கும், உடலை முறையாகப் பிணைத்து, சுற்றியுள்ள கூடு நொறுங்காமல் இருந்தால் போதும் என்பது அந்த ஆராய்ச்சியின் சாரம். அதை வீக் விமானமாக்கினார். விமானி உயரத்தில், பின்னால் அமர்ந்தார். எஞ்சினும் தொட்டியும் அவருக்கு முன்னால் இருந்து, மோதலின்போது முதலில் நசுங்கி விசையை வாங்கிக்கொண்டன. தோள்பட்டிகள் வலுவாக்கப்பட்டன. இன்று உலகெங்கும் ஓடும் வேளாண் விமானங்களின் உருவம் ஏறத்தாழ அன்று தீர்மானிக்கப்பட்டதுதான்.

ஏர் டிராக்டரை நிறுவிய லீலண்ட் ஸ்னோ 1953இல் தம்முடைய முதல் விமானத்தைப் பறக்கவிட்டபோது அவருக்கு இருபத்து மூன்று வயது. 2011இல் மறையும்வரை அவர் வேளாண் விமானங்களை விட்டு விலகவே இல்லை. 502பியில் விமானியைச் சுற்றி எஃகுக் குழாய்களால் பற்றவைத்த கூடு இருக்கிறது, விமானம் தலைகீழாக விழுந்தாலும் நசுங்கிவிடாதபடி அதன் மேற்பகுதி வலுவாக்கப்பட்டிருக்கிறது. எரிபொருள் இறக்கைகளில் இருக்கிறது. இரு பக்கமும் கதவுகள் உண்டு. ஒரு பக்கம் சேற்றில் புதைந்தாலும் மறுபக்கம் வெளியேற வழி கிடைக்க வாய்ப்பிருக்கிறது. தலைக்கவசத்தையும் தோள்பட்டியையும் ஒழுங்காக அணிந்தவர், கவிழ்ந்த விமானத்திலிருந்து தாமே ஊர்ந்து வெளியேறுவது அபூர்வமான செய்தி அன்று. ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். தலைகீழாகத் தொங்கும்போது பட்டியை அவசரமாக அவிழ்த்தால் கழுத்தின் மேல் விழ நேரும். கையை மேலே, அதாவது அப்போதைய தரையில், ஊன்றிக்கொண்டுதான் அவிழ்க்க வேண்டும்.

எரிபொருள் எங்கே இருக்கிறது என்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். வீக் பின்னர் பைப்பர் நிறுவனத்துக்காக வடிவமைத்த பானி விமானம் மலிவானது, எளிமையானது, கிளைடர்களை இழுக்க இன்றும் பல நாடுகளில் ஓடுகிறது. ஆனால் அதன் தொடக்க கால மாதிரிகளில் எரிபொருள் தொட்டி உடற்பகுதியில் எஞ்சினுக்கும் மருந்துத் தொட்டிக்கும் இடையில் இருந்தது. உயிர் பிழைக்கக்கூடிய விபத்திலும் தீப்பிடிக்கும் ஆபத்து அதனால் கூடியது. 1970களில் வந்த அதன் கடைசி மாதிரியில்தான் எரிபொருள் இறக்கைகளுக்கு மாறியது. பழைய பானியை மலிவு விலைக்கு வாங்க நினைப்பவர், அது எந்த மாதிரி என்பதை விலைக்கு முன்பாகக் கேட்க வேண்டும். 1957இல் வந்த கிரம்மன் ஏஜி-கேட் இரட்டை இறக்கை விமானத்துக்கு வேறொரு சாதகம் உண்டு. கவிழ்ந்தால் மேல் இறக்கையும் சேர்ந்து அடியைத் தாங்கும். வேகத்திலும் கொள்ளளவிலும் அது 502பிக்கு ஈடாகாது என்றாலும், அதை விரும்பி வைத்திருப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

வால் சக்கரம் இல்லாமல் இந்தத் தொழிலே நடக்காது என்று சிலர் சொல்வதை மட்டும் நான் ஏற்கவில்லை. நியூசிலாந்தின் மலைச்சரிவுகளில் மேய்ச்சல் நிலங்களுக்கு உரம் தூவுவதற்காக 1954இல் பறக்கத் தொடங்கிய ஃப்ளெட்சர் எஃப்யூ-24 மூக்குச் சக்கரம் கொண்டது. குன்றின் சரிவில் மேல்நோக்கி இறங்கி, கீழ்நோக்கிக் கிளம்பும் ஓடுதளங்களில், இதைவிடக் கடினமான தரையில், அது பல பத்தாண்டுகள் உழைத்திருக்கிறது. ஆகவே மூக்குச் சக்கரம் முறிந்துவிடும் என்பது பொறியியல் முடிவாக இருக்கும் அளவுக்கு மரபாகவும் இருக்கிறது என்பதே என் கருத்து. ஏர் டிராக்டர் நிறுவனம் தன் தயாரிப்பின் மற்ற எல்லாப் பகுதிகளையும் திரும்பத் திரும்பச் செப்பனிட்டிருக்கையில், தரையில் நேராக ஓடும் பொறுப்பை மட்டும் இன்னும் விமானியின் கால்களிடமே விட்டிருப்பது இந்த விமானத்தின் உண்மையான குறை.

பயிற்சி அடுத்த குறை. ஓர் இருக்கை விமானம் என்பதால், ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் தரையிறக்கத்தைப் பழக முடியாது. முதல் நாள் முதல் சுற்றே தனியாகத்தான். பக்கத்தில் பக்கமாக இருவர் அமரும் ஏடி-504 மாதிரியை நிறுவனம் பயிற்சிக்காகவே உருவாக்கியிருக்கிறது, பெரிய 802 வரிசையிலும் இரண்டு இருக்கை மாதிரி உண்டு. ஆனால் எல்லாத் தெளிப்பு நிறுவனங்களாலும் பயிற்சிக்கென்று தனி விமானம் வைத்திருக்க முடியாது. பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து விமானம் வாங்குகிறவர், இரண்டு இருக்கை விமானத்தில் சில நாள் பயிற்சிக்கு ஆகும் தொகையில் சிக்கனம் பார்ப்பது விளங்காத கணக்கு.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2014இல் வேளாண் விமானங்களைப் பற்றித் தனி அறிக்கை ஒன்றை வெளியிட்டது. முந்தைய ஆண்டின் 78 விபத்துகளை ஆராய்ந்த அந்த அறிக்கை, விமானியின் களைப்பு, பராமரிப்பில் குறை, ஆபத்துகளை முன்கூட்டி எடைபோடும் பழக்கமின்மை ஆகியவற்றைச் சுட்டியது. தரையிறக்கத்தை வைத்துப் பார்த்தால் இவற்றுள் களைப்பே முதலில் நிற்க வேண்டியது. விடியலுக்கு முன் எழுந்து, வெயிலில் வெந்த விமானி அறைக்குள் மாலைவரை அமர்ந்து, நாளின் கடைசிச் சுற்றில் இறங்குகிறவருடைய கால்கள், மேலே சொன்ன ஒன்றிரண்டு நொடிக்குள் சுக்கானை மிதிக்குமா என்பதுதான் கேள்வி. குளிரூட்டியை வீண் செலவென்று தவிர்க்கிற உரிமையாளர்கள் இந்த அறிக்கையை ஒரு முறை படிக்கலாம்.

சிக்கல் வரும் என்று முன்பே தெரிந்தால், தொட்டியில் உள்ளதை ஒரே மூச்சில் கொட்டிவிடும் வசதி இந்த விமானத்தில் உண்டு. மக்கள் நெருக்கமாக வாழும் பகுதியின் மேல் பறக்கும் வேளாண் விமானம், அனுமதிக்கப்பட்ட சுமையில் பாதியையாவது 45 நொடிக்குள் கொட்ட வல்லதாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. கிளம்பியவுடன் எஞ்சின் தடுமாறி முழுச் சுமையோடு இறங்க வேண்டிய நேரத்தில் இந்த வசதி உயிர் காக்கும். ஆனால் சுமையோடு கவிழ்ந்துவிட்டால், ஓடி வந்து உதவுகிறவர்கள் முதலில் எதிர்கொள்வது சிந்திய மருந்தைத்தான். தொட்டியில் என்ன இருக்கிறது என்ற தாளை, விமானத்தில் வைப்பதோடு நில்லாமல், மருந்து நிரப்பும் மேடையிலும் வைத்திருக்கும் நிறுவனமே பொறுப்பானது.

இந்தியாவில் இத்தகைய விமானம் வாங்கும் வாசகர் மிகச் சிலரே இருப்பர். ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் 1972இல் பறக்கவிட்ட பசந்த் என்ற வேளாண் விமானமும் சில டஜன்களோடு நின்றுவிட்டது. நம்முடைய சிறு வயல்களுக்கு இன்று டிரோன் போதுமானதாக இருக்கிறது, அது தவறி விழுந்தாலும் உள்ளே ஆள் இல்லை. எனினும் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ பிரேசிலிலோ இந்தத் தொழிலுக்குப் போகும் இளம் விமானிகளும், பழைய விமானத்தை வாங்கும் கூட்டாளிகளும் இதைப் படிக்கக்கூடும் என்பதால், பழைய 502பியைப் பார்வையிடும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பளபளக்கும் வண்ணப்பூச்சை நம்ப வேண்டாம். உடற்பகுதியின் பக்கத் தகடுகளைக் கழற்றி உள்ளே கழுவும்படி ஏர் டிராக்டர் அமைத்திருப்பது மருந்தின் அரிப்பைத் தடுக்கத்தான். அந்தத் தகடுகளைக் கழற்றச் சொல்லி, குழாய்களின் பற்றவைப்புகளையும், கால்கள் உடலோடு சேரும் இடத்தில் உள்ள போல்ட்டுகளையும் கண்ணால் பாருங்கள். வால் சக்கரத்தைக் கையால் தூக்கி ஆட்டிப் பாருங்கள், பூட்டு இறுக்கமாக விழுகிறதா என்று பல முறை சோதியுங்கள். இறக்கையின் கீழ்ப்புறப் பிரதான உத்தரத்தில் விரிசல் காண்பதைப் பற்றி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இந்தக் குடும்பத்து விமானங்களுக்குக் கட்டாய ஆய்வு உத்தரவுகள் பிறப்பித்திருக்கிறது. அவை எத்தனையாவது பறக்கும் மணியில், யாரால் நிறைவேற்றப்பட்டன என்பது பதிவேட்டில் இருக்க வேண்டும். கிரவுண்ட் லூப்பில் ஒரு முறை சுழன்ற விமானத்தில் இறக்கை இணைப்புகளும் எதிர்ப்பக்கத்துக் காலும்கூட அதிர்ச்சியை வாங்கியிருக்கும், நுனியில் தகடு மாற்றியதோடு அந்தப் பழுது முடிந்துவிடாது. புரொப்பல்லர் மாற்றப்பட்டதாகப் பதிவு இருந்து, அதே தேதியையொட்டி வேகக் குறைப்புப் பெட்டியைப் பிரித்துச் சோதித்ததற்கான பதிவு இல்லையென்றால், அந்தச் சோதனையின் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். விற்பவர் மறுத்தால் அடுத்த விமானத்தைப் பார்க்கலாம்.